கோரம் இல்லை

சத்துவாச்சாரியில் மே மாதம்
பதினோரு மணிக்கே தார் இளகிவிடும்.
செருப்பில் ஒட்டியதைப் படியில் தேய்த்துவிட்டு
தாட்சாயணி உள்ளே வருகிறார்.
வழக்கு எண் நாற்பத்தொன்று, ஏழாவது மனுதாரர்.
நான் சொல்லவேண்டியதை அவரே கேட்டுவிடுகிறார்:
"கோரம் இல்லியாம்மா?"

முதல் வாய்தாவில் அந்தச் சொல்லைக் கேட்டு
"கோரம் இல்லியா? வாலாஜா தாண்டி
எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்றவர்.

எங்கள் மேடையில் நாற்காலி இரண்டு.
ஒன்றில் சட்டம் தெரிந்தவர்.
மற்றதில் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர் உட்காரவேண்டும்.
அவர் ஓய்வுபெற்று இரண்டு கோடை போயிற்று.
டபேதார் ஏகாம்பரம் இன்னும் இரண்டையும் துடைக்கிறார்,
இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து மூடுகிறார்,
சாயங்காலம் ஒன்றை
குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றுகிறார்.
செடி நன்றாக இருக்கிறது.

பீரோவில் சான்றாவணம் ஏழு:
தாட்சாயணியின் கிணற்றுத் தண்ணீர், ஒரு பாட்டில்.
வந்தபோது கழுத்துவரை இருந்தது.
இப்போது லேபிளுக்குக் கீழே.
அரக்கு உடையவில்லை.
எப்படிக் குறைந்தது என்று எழுத
எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.
அடியில் மஞ்சளாக ஒரு வளையம்.

"தேடல் குழு தேடிக்கிட்டிருக்கு" என்றேன் போன வருஷம்.
"ஏரியில எரும தொலைஞ்சா
இருட்டறதுக்குள்ள தேடிடுவோம்" என்றார்.

பிறகு சட்டம் மாறியது.
ஐம்பது வயதுக்குக் கீழே ஆகாது,
நான்கு வருஷப் பதவி போதும்,
குழு இரண்டு பெயர் தரட்டும், ஒன்றை நாங்கள் எடுக்கிறோம்.
மேல்கோர்ட்டு அடித்தது.
அடித்ததையே வேறு எண் போட்டு அனுப்பினார்கள்.
விதிப்புத்தகத்தில் துண்டு ஒட்டி
துண்டின் மேல் துண்டு ஒட்டி
அந்தப் பக்கம் அப்பளம்போல் விறைத்துவிட்டது;
எங்கே பிரித்தாலும் அங்கேதான் திறக்கிறது.

ஒரு நாள் தபாலில் இரண்டு உறைகள்.
ஒன்றில், கிணறு கெட்டதற்கு
இரண்டாம் பிரதிவாதியாகிய அரசு பொறுப்பல்ல.
மற்றதில், உறுப்பினர் நியமனம் பரிசீலனையில் உள்ளது.
ஒரே பழுப்பு. ஒரே சிங்கம்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வம்பு வழக்குக்காரன் வீட்டிலிருந்தே
பஞ்சாயத்துக்கு ஆள் வந்தால்
காட்பாடியில் என் மாமனார் தெருவில்
பாயைச் சுருட்டிவிடுவார்கள்.
இதை எங்கும் சொன்னதில்லை.
எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

இன்றைக்கும் வாய்தா.
தேதியை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொள்கிறார்.
பதினோரு மனுதாரர்களில் நான்கு பேருக்கு
வாரிசுச் சான்று கொண்டுவரச் சொல்கிறேன்.
தலையாட்டுகிறார். அதில் ஒருவர் அவருடைய வீட்டுக்காரர்.

"வரப்போறவருக்கு எத்தன வயசு ஆவணும்னாங்க?"
ஐம்பது, என்றேன்.
"எங்க கிணறு அறுபத்தெட்டுல வெட்டுனது.
தண்ணியப் பத்தி அதுக்குத் தெரியாததா?
அத உக்கார வைங்களேன்."

ஏகாம்பரம் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காததுபோல் நின்றார்.
போகிறவர் திரும்பி மேடையருகே வந்து
இரண்டாவது டம்ளரின் மூடியை எடுத்து
அண்ணாந்து, உதட்டில் படாமல்,
முழுசாகக் குடித்தார்.
யாரும் தடுக்கவில்லை.
அது எந்த விதியில் வரும் என்று
எனக்கும் தெரியவில்லை.