பதினாறில் ஏழு

காக்கி புக்கிட்டில் மூன்றாம் மாடிப் பட்டறை.
கார் ஏறும் சரிவில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
ஸ்கேனரை வைக்க இடமில்லை.
எங்கும் அந்தக் காரின் உறுப்புகள்:
ஐஸ்கிரீம் டப்பாவில் திருகாணிகள்,
மீன் வந்த தெர்மோகோல் பெட்டியில் முகப்பு விளக்குகள்,
கோப்பிக்கடை நாற்காலியில்
சாய்ந்து உட்கார்ந்திருந்தது ஒரு மட்கார்டு.

எஞ்சின் ஒரு கம்பெனி. உடல் வேறொரு பட்டறை.
இங்கிலாந்தில், எழுபது வருடம் முன்பு,
யாரோ கையால் தட்டித் தட்டி எடுத்த அலுமினியம்.
இதுபோல் பூமியில் ஐந்தோ ஆறோ.
ஒன்று ஏரிக்குள் போய்விட்டதாம்.

நான் கப்பல் பட்டறைக்காரி.
உந்துவிசிறி அளப்பது என் வேலை.
ஞாயிற்றுக்கிழமைக்கு இருநூறு வெள்ளி என்றார்கள், வந்தேன்.
நீலக்கதிர் ஊர்ந்து ஊர்ந்து
கதவின் மேல் போனது,
கூரையிலிருந்து பின்சக்கரத்துக்குச் சரியும்
அந்த வளைவுக்கு வந்ததும்
தேவைக்கு மேல் கொஞ்சம் நின்றது.
கருவியில் கோளாறில்லை. என் கைதான்.

திரை சொன்னது:
வலது தோள் இடதைவிட
பதினோரு மில்லிமீட்டர் உயரம்.
கப்பலாக இருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

சித்திரவேல் சுத்தியலைத் துணியில் துடைத்தார்.
"சரி பண்ணிடலாம். ரெண்டு நாள்."
எப்படியும் மரச்சட்டம் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.
இருபத்தாறு வருடக் கொட்டகையில்
கறையான் பாதி தின்றது,
இந்தத் தீவின் ஈரம் மீதியை.

பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள்.
இடமும் வலமும் இப்போது இரட்டைப் பிள்ளைகள்.
ஓட்டுநர் கதவு மட்டும் மூடவில்லை.
சாத்தினார். சாத்தினார். தோளால் இடித்துச் சாத்தினார்.
கடன் கேட்க வந்தவன்போல்
வாசலிலேயே நின்றது கதவு.

உள்துணியை உரித்தோம்.
அலுமினியத்தின் முதுகில் பென்சில்:
கூட்டல் குறி, பதினாறில் ஏழு அங்குலம், அடிக்கோடு.
பக்கத்தில் ஒரு கோப்பையின் வட்டக் கறை.
கைபேசியில் கணக்குப் போட்டேன்.
பதினொன்று, மயிரிழை கூட.

தெரிந்தேதான் செய்திருக்கிறான்.
ஏன் என்று எழுதவில்லை.
ஓட்டுகிறவரின் எடைக்கு அந்தப் பக்கம் தாழுமென்றா,
அன்று கிடைத்த மரம் கோணலென்றா,
சாயங்காலத்துக்குள் முடி என்று
யாரோ கத்தினார்களா?

காரின் சொந்தக்காரர் டாக்டர் ஊய் சியூ லான்,
முப்பத்தெட்டு வருடம் பிறர் வாய்க்குள் பார்த்தவர்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித்
திரையை வெகுநேரம் பார்த்தார்.
"இடது கடைவாய் வலதைப்போல் இருக்கிற ஆளை
நான் இன்னும் சந்திக்கவில்லை.
சமமாக்கி அனுப்பினால்
மறுவாரம் திரும்பி வருவார்கள், மெல்ல முடியாமல்."

"பழையபடி ஆக்க எத்தனை நாள்?"
"ரெண்டு நாள்" என்றார் சித்திரவேல்,
முகத்தில் ஒன்றுமே காட்டாமல்.
"அதே கூலியா?"
"மேடம், தட்டுனது ஒருதரம், தட்டுனதைத் தட்டுறது இன்னொருதரம்."
அவர் சிரித்தபோதுதான் பார்த்தேன்,
அவருடைய முன்பற்களில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது.

பிறகு கதவு மூடியது.
பெரிய சத்தமில்லை, கோதுமை மாவு மூட்டையை
இறக்கி வைத்ததுபோல் ஒன்று.
மூவரும் ஆளுக்கு நான்கு முறை மூடிப் பார்த்தோம்.

பழைய கார்களுக்கு வருடத்தில்
எண்ணிக் கொடுத்த நாட்கள்தான் சாலை.
முதல் நாளை லிம் சூ காங்கில் செலவழித்தார்.
பின்னிருக்கையில் நான். ஜன்னலில்
மரங்கள், மயானம், மீண்டும் மரங்கள்.
கொஞ்சம் கோணலாகத்தான் போனதா என்றால்
தெரியவில்லை, அளக்கக் கருவி கொண்டுபோகவில்லை.

திங்கட்கிழமை வந்த உந்துவிசிறியில்
ஓர் இதழ் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது.
திருப்பி அனுப்பினேன்.
கப்பல் வேறு.