ஒற்றையா, இரட்டையா

கல்கிசைக் கடை வாசலில் நின்று ஃபஸ்மில் கேட்கிறான்,
கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு கேட்பதுபோல:
ஒற்றையா, இரட்டையா?
புதுச் சரக்கு. பாய், மரம், சுக்கான், இரு பக்கமும் மிதவை.
வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம்.

நான் வங்கியில் வேலை செய்பவள்.
நிரல் போட்டுப் பார்க்காமல் குடைகூட வாங்கியதில்லை.

ஒற்றை முப்பத்தைந்து கிலோ. இரட்டை ஐம்பத்தெட்டு.
ஒற்றையைத் தனியே தூக்கலாம் என்பது ஃபஸ்மிலின் கணக்கு.
ஃபஸ்மில் எங்கள் ஒழுங்கையைப் பார்த்ததில்லை.
வெள்ளவத்தையில் அது முடிகிற இடத்தில் தண்டவாளம்,
பிறகு பாசி பிடித்த கருங்கல்,
பிறகுதான் கையகல மணலும் கடலும்.

இரட்டையை மூன்று வருடமாகத் தெரியும்.
இமெல்டாவும் நானும் பாதிப்பாதி போட்டு வாங்கிய மஞ்சள் கயாக்.
அவள் அணியத்தில், கையில் பாய்க்கயிறு.
நான் கடையாரில், சுக்கான் மிதியில் கால்.
வாடை விழுந்துவிட்டால் துடுப்பு இரண்டும்
ஒன்றாக இறங்கவேண்டும். பிந்தினால்
டக்கென்று ஒன்றில் ஒன்று மோதும்.
மோதியதும் அவள் மன்னிப்புக் கேட்பாள்.
பெரும்பாலும் பிழை என்னுடையது.

நேரே ஓடுவதில் இரட்டைக்கு நிகரில்லை.
நீண்ட வயிறு, நாலு கை.
ஒருநாள் பம்பலப்பிட்டியை இருபது நிமிடத்தில் பிடித்தோம்,
மேடையில் ரயிலுக்கு நின்றவர்கள் கையசைத்தார்கள்.
திருப்பத்தான் பாடு.
மூன்று தரம் அதட்டினால் ஒருதரம் கேட்கும் மாடு.

அவள் வராத ஞாயிறுகளில் அவள் இருக்கையில்
இருபது லீட்டர் தண்ணீர்க் கலன் இரண்டைக் கட்டிவைப்பேன்.
இல்லாவிட்டால் அணியம் மேலே தூக்கி
காற்றுச் சொன்ன பக்கமெல்லாம் போகும்.
கலன் கதைக்காது, களைக்காது.
ஆனால் பாய் நிரம்பி வள்ளம் சரிகையில்
காற்றுப் பக்கம் சாய்ந்து கொடுக்க
அதற்குத் தெரியாது.

போன சனி, வெள்ளோட்டத்துக்கு
ஃபஸ்மில் இரண்டு ஒற்றைகளை இறக்கினான்.
ஒற்றை வேறு சாதி.
தும்மினாலும் திரும்பிவிடும்.
காற்றின் சின்னச் சிணுங்கலும்
நேரே இடுப்புக்கு வருகிறது.
ஒரு கையில் கயிறு, காலில் சுக்கான், மடியில் துடுப்பு,
மூக்கு அரித்தால் அரித்ததுதான்.

காற்று கொஞ்சம் ஏற, பாயைச் சுருக்கத் திரும்பினேன்.
பத்தடி தள்ளி, எனக்குச் சமாந்தரமாக, இமெல்டா.

மூன்று வருடம் அவள் பிடரியைத்தான் பார்த்திருக்கிறேன்.
வலக் காதுக்குக் கீழ் மச்சம்,
தொப்பிக்கு வெளியே அடங்காத நரை.
கடலில் அவள் முகத்தை அன்றுதான் கண்டேன்.

கண் இமைக்கவில்லை.
உதடு மட்டும் அசைந்தது,
அலைக்கு ஒரு மரியே வாழ்க.

கரையில் கேட்டேன், பயமா?
"எப்பவும்தான்," என்றாள், முகத்து உப்பைத் துடைத்தபடி.
"நீ பின்னுக்கு இருந்து சிரிச்சுக்கொண்டு வாறாய் எண்டெல்லோ
நான் நினைச்சன்."

நான் சிரித்ததில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு
அவள் நிமிர்ந்த முதுகைப் பார்த்துத்தான்
நானும் இருந்தேன்.
இதை எந்த நிரலில் எழுத?

இன்று காலை, இரவல் ஒற்றைகளை ஒழுங்கையால் கொண்டுவந்தோம்.
முதலாவதை இருவருமாகத் தூக்கித் தண்டவாளம் தாண்டினோம்.
அலை இழுக்காமல் அவள் பிடித்து நிற்க,
மற்றதற்காக நான் இந்தப் பக்கம் வந்தேன்.
அதற்குள் பாணந்துறைப் பக்கமிருந்து ரயில்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே அவள்:
ஒரு தொப்பி.
ஒரு தோள்.
பிறகு கையை வாயருகே குவித்து ஏதோ கத்துகிறாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

பையில் கைபேசி அதிர்கிறது. ஃபஸ்மிலாக இருக்கும்.
வள்ளத்தின் மூக்கை இரண்டு கையாலும்
தூக்கிப் பிடித்தபடி
கடைசிப் பெட்டிக்காக நிற்கிறேன்.