மூச்சைப் பிடியுங்கோ

ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் சட்டையைக் கழற்றி
குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி
நிற்கிறார் உதுமாலெப்பை.
புல்மோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில்
திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தவர்.
நக இடுக்கில் கறுப்பு மணல்,
இருபத்தாறு வருடம் அள்ளியதில்
கழுவியும் போகாத மிச்சம்.

"மூச்சைப் பிடியுங்கோ."

பிடிக்கிறார். பொத்தானை அழுத்துகிறேன்.
இமை மூடி முடியுமுன்
யாரும் காணாத ஒரு வெளிச்சம்
சதையைத் துளைத்துச் சுவர் வரை போய்விட்டது.
போகிற போக்கில்
ஏதோ ஓர் உயிரணுவுக்குள்
தண்ணீரை உடைத்திருக்கும்.
உடைந்த தண்ணீர்
பக்கத்தில் கிடந்த இழையைக் கடித்திருக்கும்.
ஒரு புரி அறுந்தால் பரவாயில்லை,
மறு புரியைப் பார்த்து
உள்ளே இருப்பவர்கள் தைத்துவிடுவார்கள்.
இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான்
கிழிந்த வலையை இருட்டில் பொத்துகிறவன் கதை:
கைக்கு எட்டிய நுனியோடு
கைக்கு எட்டிய நுனி.
நடுவில் போன நாலு எழுத்து
போனதுதான்.

"விடுங்கோ."

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
எழுத்துப் பிழையை எனக்குத் தெரியும்,
நானே ஒன்று.
அப்பா சொன்ன பெயர் கலாமதி.
தம்பலகாமத்துப் பதிவாளர்
யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே
எழுதியது கலாவதி.
பள்ளிக்கூடம், அடையாள அட்டை, நியமனக் கடிதம்,
ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்து
நேர்மையாக எழுதப்பட்டது.
பிரதி எடுத்த எவரும் பொய் சொல்லவில்லை.
எனக்கும் ஒன்றும் ஆகவில்லை,
முக்கால்வாசிப் பிழை அப்படித்தான்,
வந்த இடம் தெரியாமல் இருந்துவிடும்.
ஆனால் கரையில் ஓர் எழுத்தைத் தொட்டுப்பாருங்கள்.
கறை.

சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டார்,
"மகள், இது அந்த மண்ணால வந்ததா?"

மண்ணில் தோரியம் இருக்கிறது, மெய்.
சட்டைப் பையில் பீடிக் கட்டும் இருக்கிறது.
அதன் புகை ஓர் எழுத்தின் முதுகில் ஏறிக் குந்தி
வாசிப்பவரைப் பிழையாய் வாசிக்க வைக்கும்.
மச்சானின் வயலுக்கு
வெறும் முகத்தோடு அடித்த மருந்து இருக்கிறது,
அதைப் பற்றிப் படித்தவர்களே இன்னும் பிடிபாடு.
அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்தை
ஒட்டிவிடுகிற வெயிலும் இருக்கிறது,
அது தோலோடு நின்றுவிடும்.
என் பொத்தானும் இருக்கிறது,
சிறிது, மிகச் சிறிது, ஆனாலும் இருக்கிறது.
ஒன்றுமே செய்யாமல்
தானாய்க் கை தவறுவதும் உண்டு.

ஆயிரம் பேரைச் சேர்த்து எண்ணினால்
ஏதாவது சொல்லலாம்.
ஓர் உதுமாலெப்பையின் நெஞ்சுப் படத்தில்
வெள்ளையாய் ஒரு புளியங்கொட்டை தெரிகிறது,
அதன் கீழே யாரும் கையெழுத்து வைக்கவில்லை.

"டொக்டர் பார்த்துச் சொல்லுவார்" என்றேன்.
தலையாட்டினார்.
இந்த வசனத்தைக் கேட்டுப் பழகியவர் போல.

பன்னிரண்டு மணிக்குப் படிவம் ஒன்று நிரப்பினேன்.
கதிர் அளக்கும் வில்லை, இன்னொன்று தேவை.
இருப்பது நெஞ்சுக்கு,
கேட்பது வயிற்றுக்கு.
காரணம்: ஒன்பது வாரம்.
பெயர்: கலாவதி.
மதி என்று எழுதினால்
கொழும்புக் கோப்பில் அப்படி ஒருத்தி இல்லை.
பிழைதான் இப்போது செல்லுபடி.

ஒன்பது வாரத்தில்
எத்தனை கோடிப் பிரதி எடுத்திருப்பார்கள்.
திரும்ப வாசிக்கிறார்கள், அடிக்கிறார்கள், திருத்துகிறார்கள்,
திருத்த முடியாத பக்கத்தை
தாங்களே கொளுத்திவிடுகிறார்கள்.
அவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது,
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்
என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தவர் வந்து பலகையில் ஒட்டி நின்றார்.
"மூச்சைப் பிடியுங்கோ."
அழுத்தினேன்.
யன்னலுக்கு வெளியே, மதிலோரம்
ஊர் மான் ஒன்று
மருந்துப் பெட்டி மட்டையைக் கிழித்துத்
தின்றுகொண்டு நின்றது,
அச்சடித்த எழுத்துகளோடு சேர்த்து.
அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெயர் கேட்க மறந்த ஒரு மனிதர்
இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.