ஓடிய மண்ணின் புல எண்

தணிக்கைக் குறிப்பு இரண்டே வரி:
தடுப்பணை எண் ஏழு, கொள்ளளவு ஆயிரத்து நானூறு கன மீட்டர்.
நீர் இருப்பு இல்லை, விளக்கம் தேவை.

மங்கலம்பேட்டை தாண்டித் தார் முடிகிற இடத்தில்
ஸ்கூட்டரை விட்டு ஓடைக்குள் இறங்கினேன்,
டேப்பின் மறுமுனையோடு ஜெயசீலன்.
மூன்று வருடம் முன்பு நான் நின்று கட்டிய அணை.
கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை.
தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில்
இடுப்பளவு மண் நின்றது,
மண்மேல் முழங்காலளவு உளுந்து.

உளுந்துக்குள்ளிருந்து தையல்நாயகி நிமிர்ந்தாள்.
"செடிய மிதிக்காம அளங்க மேடம்.
காய் புடிக்கிற நேரம்."

அதற்குள் மேட்டிலிருந்து கொளஞ்சிநாதன் வந்துவிட்டார்,
சட்டைப் பையில் சிட்டா.
"நூத்திப்பதினாலு பை ரெண்டு பி. இது என் கொல்லை மண்ணு.
செவப்பப் பாருங்க, சரளையப் பாருங்க.
ஓடையில ஏது இந்த நெறம்?"

அவர் சொன்னது சரி.
தானே புயலில் அவருடைய முந்திரி முழுக்க
வேரோடு படுத்தது.
அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மழையிலும்
மரம் பெயர்ந்த குழிகள் வழியே
கொல்லை எழுந்து நடந்தது.
சர்வே கல் மட்டும் நான்கு மூலையிலும்
போட்ட இடத்தில் நிற்கிறது.
கல்லுக்கு நடுவே இருந்ததில்
கொஞ்சம் இங்கே உளுந்துக்கு அடியில்,
அணை வருமுன் போனது
மணிமுத்தாறு, வெள்ளாறு,
பரங்கிப்பேட்டையில் கடல்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டப்போறேன்" என்றார்.
தாளில் எழுதி வேலில் கட்டினால்
தொண்ணூறு நாளில் தீர்ப்பாம்.
எங்கள் ஆபீசைவிட வேகம்.
"எதிரி பேரு என்னன்னு போடுவீங்க?"
ஜெயசீலன் நிஜமாகவே கேட்டான்.
அவர் தையல்நாயகியைப் பார்த்தார்,
அணையைப் பார்த்தார்,
வானத்தையும் ஒருமுறை.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.
நீர்வடிப்பகுதித் திட்டம் தொடங்கிய வருடம்
சமமட்ட வரப்புக்குக் கையெழுத்து கேட்டு
அவர் வீட்டுக்கு நான்கு முறை போனேன்.
"வரப்புக்கு ஒரு சால் போயிடுமே" என்று
நாலு முறையும் காபி கொடுத்து அனுப்பினார்.
ஒரு சால்.
சம்மதமில்லை என்ற அவர் கடிதம்
இன்னும் கோப்பில் இருக்கிறது, முத்து முத்தான கையெழுத்தில்.

ஒரு கை அள்ளினார். பிசைந்தார். மூக்கருகே கொண்டுபோனார்.
"என்னுதுதான்."

"நான் இல்லேன்னா சொன்னேன்?" என்றாள் தையல்நாயகி.
"மண்ணு ஒங்க மண்ணு. உளுந்து நான் வெதச்சது.
அறுப்பு முடியட்டும்,
டிப்பர் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே."

டிப்பர் வாடகைக்கு அவர் உதடு அசைந்தது.
ஏற்றிக் கொட்டினாலும் ஐப்பசியில் இறங்கிவிடும்,
அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.
"அந்த வரப்புத் திட்டம்...
இன்னும் இருக்குதா மேடம்?"
"இந்த வருஷ நிதி தீந்துபோச்சு" என்றேன்.
பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல்,
"எழுதிக் கேக்குறேன்."

நீளம் எழுபது. அகலம் பதினெட்டு.
ஆழத்துக்குக் கம்பியை இறக்கினான் ஜெயசீலன்.
ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது, முக்கால் மீட்டருக்குமேல்.
அதற்குப் படிவத்தில் இடமில்லாததால்
என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்கு விருத்தாசலம் ஆபீசில் பதில்.
"பயனிழந்தது" என்று எழுதி அடித்தேன்.
"மண் அரிப்பு தடுக்கப்பட்டது" என்று எழுதி
அதையும் அடித்தேன், பாதி மண் கடலில் இருக்கையில்.
கடைசியில் இருப்பு என்ற கட்டத்தில்
"நிரம்பியுள்ளது" என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.
எதனால் என்று கேட்டு
இன்னொரு குறிப்பு வரும். வரட்டும்.

வாசலில் ஸ்கூட்டர் டயரில் செம்மண்,
காய்ந்து, வழியெல்லாம் உதிர்ந்தது போக மிச்சம்.
நூத்திப்பதினாலு பை ரெண்டு பி.
குச்சியெடுத்துச் சுரண்டி
வேப்பமரத்தடியில் போட்டேன்.