பதினான்காம் கேள்வி

ஒரு நாளைக்கு ஆறாயிரம், சாப்பாடு தனி.
பரிசோதகர் கேட்பதைத் தமிழில் கேட்பேன்,
தமிழில் வருவதை இங்கிலீசில் கொடுப்பேன்.
ஹப்புத்தளைக்கு மேலே ஊத்துமலைத் தோட்டம்,
எட்டாம் நம்பர் மலை. பனி இன்னும் விலகவில்லை.

தங்கேஸ்வரி கூடையை இறக்காமலே நின்றார்.
கணுக்காலில் அட்டைக்குப் பூசிய சவர்க்காரம்
காய்ந்து வெளுத்திருந்தது.

மருந்தடிப்பதுண்டா?
"நாலு வருசமா ஒரு சொட்டு இல்ல.
புல்லக் கையாலதான் புடுங்குறோம்.
புல்லுக்குள்ள அட்டை,
அட்டைக்குள்ள எங்க ரத்தம்.
கிலோ மட்டும் அதே பதினெட்டு."
களைகொல்லி இல்லை என்கிறார், என்றேன்.
பரிசோதகர் சரி போட்டார்.

கூட்டெரு? இருக்கு.
மாட்டெரு? இருக்கு, கிட்ட வந்தா வாசம் சொல்லும்.
கையுறை?
சிரித்தார். சிரிப்புக்கு
என்னிடம் இங்கிலீசு இல்லை.

பதினான்காவது:
லயத்தைச் சுற்றி வேறு பயிர் ஏதும்?
கை நீட்டிக் காட்டினார்.
காம்பராக்களுக்குப் பின்னால், மேட்டில்,
நூல் பிடித்து நட்ட லீக்ஸ்.
"அதுக்கு அடிக்கிறோம் தம்பி, வாரம் ரெண்டு தரம்.
அடிக்காட்டி கெப்பெட்டிப்பொலையில எவன் எடுப்பான்?
ஒரு பொட்டு இருந்தா மூட்டையோட திருப்பிருவான்.
வீட்டுக்கு வேற பாத்தி. கோவா.
அதுக்கு அடிக்கிறதில்ல,
புள்ளைங்க திங்கிறதாச்சே."

பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார்.
மழை வந்தால் அந்த லீக்ஸ் தண்ணீர்
நாங்கள் நின்ற தேயிலைக்குத்தான் இறங்கும்.
சொன்னால் முத்திரை போகும்.
முத்திரைக்கு முன்னால்
பாத்தி போகும்.
வீட்டுத் தேவைக்குக் காய்கறி போடுகிறார், என்றேன்.
பொய்யில்லை.
ஒரு பாத்தி அளவுக்கு உண்மை.

நீங்கள் ஏதும் கேட்க வேண்டுமா?
இது படிவத்தின் கடைசி வரி,
யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டார்:
"இந்தத் தேயில அங்க என்ன வெல?"

எனக்குத் தெரியும்.
அந்தப் பெட்டியின் பின்பக்கத்து வாசகங்களை
போன மாதம் நான்தான் சரிபார்த்தேன்.
நூறு கிராமுக்குள் அவருடைய மூன்று நாள் பேர்.
கூடத்தான் இருக்கும், என்றேன் தமிழிலேயே.
என்ன சொன்னார்? என்றார் பரிசோதகர்.
நன்றி சொல்கிறார்.

போகும்போது ஒரு கோவா தந்தார், பேப்பரில் சுற்றி.
"ஓட்டையா இருக்கும். வெட்டிப் பாத்துச் சமைங்க."

பண்டாரவளை பஸ்ஸில் மடியில் பை.
அதற்குள் கோவா.
காலையில் சந்தையில் பொறுக்கி எடுத்த
லீக்ஸ் கட்டும் அதற்குள்தான்,
ஒரு பொட்டில்லாமல், பளபளவென்று.

தியத்தலாவை தாண்டியதும் பேப்பர் விலகி
ஒரு புழு வெளியே வந்தது.
பச்சை. அவசரமில்லாதது.
லீக்ஸின் ஓரம் வரை போய்
தலையைத் தூக்கி
அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தது.

பிறகு வந்த வழியே
கோவாவுக்குள் போய்விட்டது.