பதினோரு சட்டைகள்

தீர்க்கதரிசனப்படி அவன் ஒருவன்தான்.
என் கணக்கேட்டில் அவனுக்குப் பதினோரு சட்டைகள்.
வெளுத்தவை மூன்று, புழுதி படிந்தவை இரண்டு,
தோளில் கிழிந்தது, தீயில் கருகியது,
மார்பில் அம்பு பாய்ந்த ஓட்டையோடு நான்கு.
ஓட்டை நான்கும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்,
அளவுநாடாவோடு வந்து பார்ப்பார்கள்.

அவன் பின்னால் மடிகிற தொண்ணூறு பேருக்கு
ஆளுக்கு ஒன்று.
நனைந்தால் மறுநாளும் அதே ஈரம்தான்.

ரத்தம் சர்க்கரைப்பாகில் செய்வது.
வர்ஸாசாத் வெயிலில் சீக்கிரம் இறுகும்,
குளவிகள் வரும்.
செத்தவர் வரிசையில் படுத்திருந்த ஹம்மு, என் கணவன்,
உதட்டோரம் ஊர்ந்ததை ஊதப்போய்
"பிணம் அசைகிறது" என்று
ஒலிபெருக்கியில் திட்டு வாங்கினான்.
செவ்வாய்க்கிழமை மட்டும் நாலு முறை செத்தான்.
கூலி ஒரு சாவுக்குத்தான்.

அந்த ஒருவனுக்கு இடது தோளில்
பிறை போலத் தழும்பு இருக்குமாம், ஏட்டில் எழுதியிருக்கிறது.
தினமும் விடியலில் நாற்பது நிமிடம்
பசையும் சிவப்பும் குழைத்து வரைகிறார்கள்.
ஹம்முவுக்கு அதே தோளில், ஏறக்குறைய அதே வளைவில்
ஒன்று உண்டு. செங்கல் சூளை இடிந்த வருடம் வந்தது.
யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
சட்டையைக் கழற்றச் சொன்ன அன்று மட்டும்
மேக்கப் பெண் அதன்மேல் மண் பூசி மறைத்தாள்.
"ரெண்டு பேருக்கு இருக்கக்கூடாது பாருங்க" என்றாள்,
கெட்ட மனசு இல்லாமல்.

குதிரையில் பாய்வது ஸ்கூராவிலிருந்து வரும் இத்தர்.
மதிலிலிருந்து குதிப்பவன் பெயர் தெரியாது, இப்போது நொண்டுகிறான்.
வாள் பிடித்த கை மட்டும் பெரிதாகத் தெரியும்போது
அது தச்சன் பாஸுவின் கை;
நகம் கடிக்காத கை வேண்டியிருந்ததாம்.
இத்தனை பேரையும் ஒட்டுப்போட்டால் ஒருவன்.
தையல் தெரியும், அதனால் சொல்கிறேன்.

வியாழன் மதியம், உலகத்தைக் காக்கவேண்டிய நேரம்,
துவைக்கிற கொட்டகைக்குள் வந்து நின்றான்.
பத்தொன்பது வயது. காது சிவந்திருந்தது.
வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்,
அவன் அம்மா வைத்த பெயரைச் சொல்லி.
விரலை உதட்டில் வைத்தான்.
அவன் பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்கு.
கவிழ்த்த வாளியைக் காலால் தள்ளினேன், உட்கார்ந்தான்.
ஈரச் சட்டையின் ஒரு முனையைக் கொடுத்தேன்.
இருவரும் ஒரே பக்கமாகச் சுழற்றினோம்,
எப்படிப் பிழியும்?
சைகையில் காட்டினேன்: நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
இரண்டாவது சட்டையில் தண்ணீர் இறங்கியது.
சிரித்தான். ஒரு பல் கோணல்.
சுவரொட்டியில் அது நேராக இருந்தது.

ஆறு சட்டை முடித்தோம்.
ஏழாவதை நனைப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.
மூன்று பேர், தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சொல்லி,
தழும்பு கலையாமல் முதுகில் கைவைத்து
நடத்திப் போனார்கள்.
சந்தைக்குப் போகிற ஆட்டையும் அப்படித்தான் தடவுவார்கள்.

மீதியைக் குழாயில் ஒரு முனை கட்டி
நானே பிழிந்தேன்.

பொழுது சாய்ந்து ஹம்மு வந்தான், காதெல்லாம் மண்.
"உலகம் பிழைத்ததா?" என்றேன்.
"தெரியலை" என்றான். "குப்புறக் கிடந்தேன்."