இரும்பு மை

கேப் டவுன். நூலகத்தின் நிலவறை.
விளக்கைச் சரித்தால்தான் தெரிகிறார்கள்:
குடிசை வாசலில் கஞ்சிக் கிண்ணம்,
வாய் திறக்காத குழந்தை,
அதற்காகத் தன் வாயைத் திறக்கும் அப்பன்.
வரைந்தவன் பெயர் இல்லை. முந்நூறு வருஷம் இருக்கும்.
நாய்க்கு மூன்றே கோடு. மூன்றிலும் பசி.

இரும்பு கலந்த மை தாளைத் தின்னும்.
எங்கே பேனா தயங்கி நின்றதோ
அங்கேதான் ஓட்டை:
பிள்ளையின் முதுகைத் தாங்கும் கையில்.
அவசரமாய்க் கிறுக்கிய மலைக்கு
ஒன்றும் ஆகவில்லை.

மெல்லிய தாள், பட்டும் படாத ஈரம்.
கிழிசலின் ஓரத்தை மட்டும் பிடித்துவைக்கிறேன்.
விட்டுப்போன விரல்களை வரைய
எனக்கு அனுமதி இல்லை.

மதியம் டொங்காட்டிலிருந்து குணாளன்.
பின்னால் கரும்பு லாரியின் சத்தம்.
"ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்குறா. நீ பேசு."
போனை அவள் காதில் வைக்கிறான்.
மூச்சு மட்டும் கேட்கிறது.

என்ன சொல்ல?
"ஆ" என்றேன்,
தூரிகையைக் கீழே வைக்காமல்,
படத்தின் மேல் குனிந்தபடி,
வாயை நன்றாகத் திறந்து.

பக்கத்து மேசை நொம்புலேலோ
நிமிர்ந்து பார்த்தாள்.
அவள் வாயும் திறந்திருந்தது.